இசிஎச்எஸ் மதிப்புரை: பணியில் நஞ்சைச் சுவாசித்த பட்டாளத்துக்காரர்களுக்கு இந்த அட்டை எவ்வளவு தூரம் உதவும்?

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய தமிழ் ஊர்களில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோவிந்தாபுரம் பக்கமெல்லாம், பென்ஷனோடு ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர்கள் கையில் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று கேன்டீன் கார்டு, இன்னொன்று இசிஎச்எஸ் கார்டு, அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் அட்டை. கேன்டீன் கார்டை எப்படிப் பயன்படுத்துவது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது அட்டை அப்படியில்லை. அதைத்தான் இங்கே எடை போடுகிறோம், அதுவும் ஒரு குறிப்பிட்ட பிரிவினரை மனத்தில் வைத்து: கப்பல் இன்ஜின் ரூமிலும் பாய்லர் ரூமிலும் இருந்தவர்கள், விமானத்துக்கும் வண்டிக்கும் பெயின்ட் அடித்தவர்கள், பிரேக் டிரம் பிரித்தவர்கள், பெட்ரோல் டிப்போவில் டிரம் உருட்டியவர்கள், பாறையில் துளை போட்டவர்கள், குண்டு சுடும் ரேஞ்சில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்தவர்கள், பனிமலை முகாமில் புகாரி அடுப்பின் மண்ணெண்ணெய்ப் புகையோடு தூங்கியவர்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நோய் வந்த பிறகு சிகிச்சைக்கு இது நல்ல திட்டம். தனியார் காப்பீடு எதுவும் கிட்டே வராது. ஆனால் நோய் எதனால் வந்தது என்று கேட்பதில் இது ஏறக்குறைய ஊமை. கேட்கப்படாததை நாமே எழுத்தில் சொல்லிவைக்காவிட்டால் டாக்டரும் தவறான திசையில் போவார், பின்னால் பென்ஷன் கோரிக்கைக்கும் காகிதம் இருக்காது.

இந்த ஊமைத்தனத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. நோய் பட்டாளப் பணியால் வந்தது என்று நிரூபித்தால்தான் சிகிச்சை என்ற நிபந்தனை இசிஎச்எஸ்-இல் இல்லை. சர்க்கரையோ, சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்ததோ, நடைமுறை ஒன்றுதான். காரணத்தை நிரூபிக்க வேண்டிய இடம் ஊனமுற்றோர் பென்ஷன். அது வேறு கதவு, வேறு அலுவலகம், வேறு சட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "கேஸ் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. மூச்சு வாங்குகிறது என்றால் நாளைக் காலையே திட்டத்தின் சொந்தப் புறநோயாளி மருத்துவ மையமான பாலிகிளினிக்குக்குப் போகலாம். யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டாம்.

விலையும் கிடைப்பதும்

திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் ஆகியோருக்கு. சார்ந்திருப்பவரின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டக் கூடாது. 2017 டிசம்பர் 29 ஆணைப்படி ஒரே முறை கட்டும் தொகை ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் இறந்தவர்களின் மனைவியரும் எதுவும் கட்ட வேண்டாம். ஆயுள் முழுக்க உச்சவரம்பில்லாத சிகிச்சை, புறநோயாளி ஆலோசனை, மாதாந்தர மருந்து எல்லாம் இதற்குள் அடக்கம். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் ஹவில்தார் வரை பொது வார்டு, நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையான ஜேசிஓ-க்களுக்கு இருவர் அறை, அதிகாரிகளுக்குத் தனி அறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 70 வயது கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. அதில் சேர இசிஎச்எஸ் உறுப்பினர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகாமில் யாரோ கைரேகை கேட்டார்கள் என்று மாறிவிடாதீர்கள். அந்த அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் வரை உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும். புறநோயாளி ஆலோசனையும் மாதாந்தர இன்ஹேலரும் அதில் இல்லை. நுரையீரல் நோயாளிக்கு ஆண்டு முழுக்கத் தேவைப்படுவதே அந்த இரண்டும்தான்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 2022 ஆகஸ்ட் 10-இல் கையெழுத்தான பாக்ட் சட்டத்துக்குப் பிறகு, படைவீரர் மருத்துவத் துறையில் பதிவு செய்த ஒவ்வொருவரிடமும் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நச்சுத் தொடர்புக் கேள்விகளைக் கேட்கிறார்கள். புகை, எண்ணெய், ரசாயனம், கதிர்வீச்சு என்று சில நிமிடக் கேள்விகள்தான். பதில் மருத்துவக் கோப்பில் ஏறிவிடும். குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். நம் திட்டத்தில் அப்படிக் கட்டாயக் கேள்வியும் இல்லை, பட்டியலும் இல்லை. பாலிகிளினிக் டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் வருபவர்கள். இன்று பார்த்தவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்று சொல்ல முடியாது. வாயால் சொன்னது அவரோடு போய்விடும்.

ஒரு பக்கக் காகிதம்

ஆகவே பாலிகிளினிக்குக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, பணியில் எதோடு புழங்கினோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுவது. இரண்டு பக்கம் ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த யூனிட் அல்லது கப்பல், எந்த டிரேடு, என்ன வேலை, எந்தப் பொருள், நாளுக்கு எத்தனை மணி நேரம், மூடிய அறையா திறந்த வெளியா, முகமூடி கொடுத்தார்களா, அப்போதே இருமலோ தோல் அரிப்போ இருந்ததா, யூனிட் மருத்துவ அறையான எம்ஐ ரூமில் காட்டினீர்களா. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

பொருளின் ரசாயனப் பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். "ஸ்டீம் பைப்பில் சுற்றிய வெள்ளை லேகிங்கைப் பிய்த்தேன், தூசி பறந்தது" என்று எழுதினாலே டாக்டருக்கு ஆஸ்பெஸ்டாஸ் புரியும். 1960, 70-களின் நீராவிக் கப்பல்களில் அதுதான் வழக்கமான வெப்பக்காப்பு. "பார்ட்ஸைத் தின்னரிலும் பெட்ரோலிலும் வெறுங்கையால் கழுவினேன்" என்றால் பென்சீன், கரைப்பான்கள். "மஞ்சள் பிரைமரை உப்புத்தாளால் தேய்த்து, பிறகு ஸ்பிரே அடித்தேன்" என்றால் குரோமேட். விமானத்தின் உலோக உடற்பகுதிக்கு அடிக்கும் பழைய பிரைமர்களில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும். சூலூரிலும் மற்ற ஊர்களிலும் விமானப் பழுதுபார்ப்பில் இருந்தவர்கள் இதை அவசியம் எழுத வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா, பென்சீன், ஆறு இணைதிறன் குரோமியம், டீசல் புகை ஆகிய அனைத்தும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பிரிவில், இருப்பவை. பெயின்டர் வேலையே அந்தப் பிரிவில் இருக்கிறது. தீயணைப்பு வேலையும் 2022 முதல் அதில் சேர்ந்தது.

பீடி, சிகரெட் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். நாளைக்கு எத்தனை, எத்தனை ஆண்டு, எப்போது விட்டீர்கள். புகைப்பழக்கமும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுவதோடு நிற்காது, பெருகும். இதை மறைத்தால் டாக்டர் அபாயத்தைக் குறைத்து மதிப்பிடுவார். அப்புறம், பஸ்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும். ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தால் அது துப்பாக்கி ரேஞ்சிலிருந்து வந்ததா, பஸ்பத்திலிருந்து வந்ததா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

காகிதத்தை நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் ஒன்றைக் கொடுத்து, ஓபிடி எனும் புறநோயாளிப் புத்தகத்தில் பணிக்கால நஞ்சுத் தொடர்பு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி போதும். அதில் பொருளின் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும். அதே வரி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபரல் சீட்டிலும் ஏறட்டும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது சுருக்க அறிக்கையிலும் அந்த வரி இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். பத்து ஆண்டு கழித்து இந்த வரிகளுக்குப் பெரிய மதிப்பு வரும்.

எந்தச் சோதனை, எது வீண்

நஞ்சுத் தொடர்பு நோய்களின் கெட்ட குணம், தாமதமாக வருவது. மீசோதீலியோமா எனப்படும் நுரையீரல் உறைப் புற்றுநோய் ஆஸ்பெஸ்டாஸைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து வரும். 25 வயதில் பாய்லர் ரூமில் இருந்தவருக்கு 65-இல் முதல் அறிகுறி தெரியலாம். அதனால்தான் "அதெல்லாம் அந்தக் காலம்" என்பது மருத்துவ ரீதியாக அர்த்தமற்ற பேச்சு.

தூசி சம்பந்தப்பட்டவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே மட்டும் போதாது. ஆரம்ப கட்டத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்ஆர்சிடி ஸ்கேன் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் என்றால் மல்லாந்து மட்டுமல்ல, குப்புறப் படுக்கவைத்தும் எடுக்க வேண்டும். மல்லாந்து படுக்கையில் நுரையீரலின் அடிப்பகுதி தன் எடையால் அமுங்கி நோய்போலவே தெரியும். குப்புறப் படுத்தால் அது மறைந்துவிடும், உண்மையான தழும்பு மறையாது. இதை ரெஃபரலில் எழுதாவிட்டால் ஸ்கேன் சென்டரில் செய்ய மாட்டார்கள், மறுபடி அலைய வேண்டும். அறிக்கையில் நுரையீரல் உறைத் தழும்பு, பிளாக் என்ற சொல் வந்தால் கவனியுங்கள். அதுவே பெரிய தொந்தரவு தராது, ஆனால் ஆஸ்பெஸ்டாஸோடு புழங்கியதற்கு உடம்பே எழுதிக்கொடுத்த சாட்சி.

ஊதும் சோதனையில் ஸ்பைரோமெட்ரியோடு டிஎல்சிஓ-வும் கேட்டு வாங்குங்கள். நுரையீரல் தழும்பு நோயில் காற்று உள்ளே போய் வருவது முதலில் சரியாகவே இருக்கும். ஆக்ஸிஜன் ரத்தத்துக்குக் கடப்பதுதான் முன்னதாகக் குறையும். அதை டிஎல்சிஓ மட்டுமே காட்டும். சிறிய சென்டர்களில் அந்தக் கருவி இருக்காது, ஆகவே ரெஃபரல் வாங்கும்போதே எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். சோதனைக்குமுன் இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் காலையில் இழுத்துவிட்டுப் போனால் முடிவு உண்மையைவிட நன்றாக வரும்.

பாறைத்தூசிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். சிலிக்கோசிஸ் ஸ்கேனில் மேல்பகுதி நுரையீரலில் முடிச்சு முடிச்சாகத் தெரியும். காசநோயும் அங்கேதான் உட்காரும். பாறை உடைத்த விவரம் தெரியாத டாக்டர் நேராகக் காசநோய் மாத்திரை ஆரம்பித்துவிடுவார். சளியில் கிருமி இருக்கிறதா என்று சிபிநாட் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மறுபக்கமும் உண்டு. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே "எனக்குத் தூசி நோய்தான்" என்று சளிச் சோதனையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது.

பெட்ரோல், கரைப்பான்காரர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு ரத்த அணு எண்ணிக்கை. செலவு குறைந்த சோதனை. வெள்ளையணு, சிவப்பணு, தட்டணு மூன்றில் இரண்டு குறைந்தால் இரும்புச்சத்து டானிக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராமல், ரத்தநோய் நிபுணருக்கு ரெஃபரல் கேளுங்கள். பெயின்டர்களுக்கு இன்னொன்று: வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை போனாலும் யூராலஜிஸ்ட் எனும் சிறுநீர்ப்பாதை நிபுணரிடம் போக வேண்டும். வலி இல்லாததால் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழக்கமான முதல் அறிகுறியே அதுதான்.

வீண் செலவு எது என்றும் சொல்லிவிடுவோம். பணி விட்டுப் பதினைந்து ஆண்டு கழித்து "உடம்பில் ரசாயனம் இருக்கிறதா" என்று தேடும் பேக்கேஜ் சோதனைகள் தேவையில்லை. பென்சீன் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், சேதம்தான் தங்கும். ரத்தத்தில் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். பழைய ஈயம் எலும்பில் இருக்கும், ரத்தச் சோதனையில் சரியாகத் தெரியாது. நஞ்சை உறிஞ்சி எடுக்கிறோம் என்று டிரிப் ஏற்றும் இடங்களுக்கு இசிஎச்எஸ் பணம் தராது. தராமல் இருப்பதே நல்லது.

ரெஃபரலும் எல்லையும்

பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் பாலிகிளினிக் உண்டு. அட்டை எந்தப் பாலிகிளினிக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் தாய் பாலிகிளினிக். வேறு ஊரில் டாக்டரைப் பார்க்கலாம் என்றாலும், தொடர் மருந்து, பணம் திரும்பப் பெறுவது, அனுமதிக் காகிதம் எல்லாம் தாய் பாலிகிளினிக்கில்தான் சுலபம். மகன் வீட்டோடு பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ நிரந்தரமாகப் போய்விட்டால் இணைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். நோய் முற்றிய பிறகு மாற்ற உட்கார்ந்தால் நேரம் போதாது.

ரெஃபரல் சீட்டில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, துறை. திட்டத்தோடு ஒப்பந்தம் செய்த ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், அதாவது எம்பேனல் பட்டியலில், ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் இருப்பதால் அதன் எல்லாத் துறையும் சேர்ந்துவிடாது, ஒப்பந்தம் துறைவாரியாகத்தான். இதய நோய்க்கு எம்பேனல் ஆன இடத்தில் நுரையீரல் துறை வெளியே இருக்கலாம். போகும் முன் ஆஸ்பத்திரியின் இசிஎச்எஸ் டெஸ்க்கில் துறையைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, சொற்கள். "ஆலோசனை" என்று மட்டும் இருந்தால் நிபுணர் ஸ்கேன் எழுதும்போது மறுபடி பாலிகிளினிக்குக்கு ஓட வேண்டும். ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை மூன்றும் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது, காலக்கெடு, அது முடிந்த மறுநாள் போனால் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். வயது முதிர்ந்தவர்கள் ரெஃபரல் இல்லாமலே நிபுணரைப் பார்க்க விதிவிலக்கு உண்டு. வயது வரம்பு இடையில் மாறியிருப்பதால் உங்களுக்குப் பொருந்துமா என்று கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதில் உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம். வாளையாறு எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதத் தயக்கம் வந்தால், தேவையான வசதி எது, அது எந்த எம்பேனல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "கோவைக்கு எழுதுங்கள்" என்று கேட்பதைவிட இது வேலை செய்யும். பட்டியலில் இல்லாத சோதனைக்கும் விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துக்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதி வரும் முன் கைக்காசில் ஊசி போட்டுவிட்டு அப்புறம் பில் கொடுத்தால் முழுப் பணம் வருவது சந்தேகம்தான்.

சில ஆஸ்பத்திரிகள் "இசிஎச்எஸ்-இல் பாக்கி நிற்கிறது, முன்பணம் கட்டுங்கள்" என்கின்றன. பில் தாமதம் உண்மையான பிரச்சினைதான். ஆனால் அதை நோயாளி தலையில் கட்ட ஒப்பந்தத்தில் இடமில்லை. வாக்குவாதம் வேண்டாம், எழுத்தில் தரச் சொல்லுங்கள், பாலிகிளினிக் பொறுப்பதிகாரிக்குப் போன் போடுங்கள். பெரும்பாலும் எழுதித் தரச் சொன்னதுமே குரல் மாறும். மாறாவிட்டால் இசிஎச்எஸ் ரீஜனல் சென்டர், அதற்கு மேல் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ்.

ராத்திரி மூச்சுத் திணறினால் ரெஃபரல் தேவையில்லை. எம்பேனல் ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால் தகவல் தருவது அவர்கள் பொறுப்பு. எம்பேனல் ஆகாத இடம்தான் பக்கத்தில் என்றால் தயங்காமல் போகலாம், ஆனால் குடும்பத்தில் யாராவது 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் நாம் கட்டி, பிறகு மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் விகிதத்தில் திரும்பப் பெற வேண்டும். கட்டியதற்கும் வருவதற்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சுருக்கம், அவசரநிலைச் சான்று மூன்றும் இல்லாமல் கோப்பு நகராது. அவசரநிலைச் சான்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

வீட்டில் வைக்கும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரும் கிடைக்கும். நுரையீரல் நிபுணரின் பரிந்துரையோடு ரத்த வாயுச் சோதனை முடிவு வேண்டும். ஓய்வில் ரத்த ஆக்ஸிஜன் அழுத்தம் 55 மிமீ பாதரசம் அல்லது அதற்குக் கீழ், அல்லது செறிவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்பதே பொதுவான மருத்துவ அளவு. விரலில் மாட்டும் கருவியின் போட்டோவை நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

மருந்து விஷயத்தில் திட்டம் சுமார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வந்துவிடும். தழும்பு நோய்க்கான விலை உயர்ந்த மாத்திரைகளும் சில இன்ஹேலர்களும் அடிக்கடி இருப்பில் இருக்காது. இல்லை என்றால் சீட்டிலேயே இருப்பில் இல்லை என்று எழுதி முத்திரை வாங்குங்கள். அது இருந்தால்தான் வெளியில் வாங்கியதற்குப் பணம் கேட்க முடியும். பிராண்டு மாறலாம், மூலப்பொருள் அதுதான் என்றால் வாங்கிக்கொள்ளலாம். இன்ஹேலரில் மட்டும் கவனம்: கருவி மாறினால் இழுக்கும் முறையும் மாறும். பொடி இன்ஹேலரை வேகமாக இழுக்க வேண்டும், ஸ்பிரே இன்ஹேலரை மெதுவாக.

பெயர்க் கோளாறு இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கே உரிய தலைவலி. சர்வீஸ் ரெக்கார்டில் முன்னால் இனிஷியல், கேரள ஆதாரில் பின்னால் இனிஷியல், மனைவி பெயர் ஒன்றில் மலையாள உச்சரிப்பில். அட்டை புதுப்பிக்கும்போதும் பில் கோரும்போதும் இதில்தான் மாட்டும். ஆதாரைத் திருத்துவது சுலபம், ரெக்கார்டு ஆபீஸ் பதிவைத் திருத்துவது கடினம். ஆகவே பென்ஷன் உத்தரவான பிபிஓ-வில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மாற்றுங்கள். பிபிஓ-வில் மனைவி பெயரே தவறு என்றால் மட்டும் ரெக்கார்டு ஆபீஸ் பக்கம் போங்கள், ஜில்லா சைனிக வெல்ஃபேர் ஆபீஸ் வழியாக.

அந்த இன்னொரு கதவு

ஊனமுற்றோர் பென்ஷன் கோரிக்கைக்கு வேண்டிய காகிதம் மூன்று இடத்தில் இருக்கிறது: படையை விட்டு வரும்போது தந்த டிஸ்சார்ஜ் புக், வெளியேறும்போது நடந்த மெடிக்கல் போர்டின் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 படிவம், பணிக்கால ஆஸ்பத்திரிக் குறிப்புகள். படிவத்தின் நகல் இல்லாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனு போக வேண்டியது உங்கள் ரெக்கார்டு ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மின், இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவான இஎம்இ என்றால் செகந்திராபாத், கடற்படைச் சிப்பாய்களுக்கு மும்பை, விமானப்படை ஏர்மென்களுக்கு டில்லி. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு வைத்திருக்கும் காலம் உண்டு, அது முடிந்தால் அழித்துவிடுவார்கள்.

சட்டத்தில் பிடிமானம் 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் ஒருவருக்கு வலிப்பு நோய் வந்து வெளியேற்றிய வழக்கு. சேரும்போது மருத்துவப் பதிவில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்றது நீதிமன்றம். ஆனால் அது பணியில் இருக்கும்போதே நோய் தெரிந்தவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஓய்வுக்குப் பிறகு தெரிந்த நோய்க்கு 1982-ஆம் ஆண்டு விதிகள் வேறு வரம்பு வைக்கின்றன: வெளியேறி 7 ஆண்டுக்குள் நோய் தோன்ற வேண்டும், அது பணிக்காலத்தில் தொடங்கிய மாற்றத்தின் தாமத வெளிப்பாடு என்று மருத்துவ அதிகாரி ஏற்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸோ 20 ஆண்டுக்கு முன்னால் வாய் திறக்காது. விதியை எழுதியவர்கள் மலேரியாவை மனத்தில் வைத்திருந்தார்களோ என்னவோ, மீசோதீலியோமாவை வைத்திருக்கவில்லை. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறியவர்களுக்குப் புதிய விதிகள்; பழைய தீர்ப்புகளை அப்படியே அவர்களுக்குப் பொருத்திப் பேசும் ஆலோசகர்களிடம் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கேரளப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொச்சி அமர்வு, தமிழ்நாட்டுப் பக்கம் சென்னை அமர்வு. பாலக்காட்டுக்காரருக்குக் கொச்சி பக்கம். தொழில்நோய் என்று எழுதித்தரும் நிபுணர்கள் உள்ளூரில் குறைவு. எம்பேனல் ஆஸ்பத்திரி நுரையீரல் நிபுணர் தயங்கினால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர்-இன் தேசியத் தொழில் சுகாதார நிறுவனம் அகமதாபாதில் இருக்கிறது, அதன் தென்மண்டல மையம் பெங்களூரில். அங்கே போகும்போது அந்த ஒரு பக்கக் காகிதமும் ஸ்கேன் படங்களின் சிடியும் வேண்டும். அறிக்கை மட்டும் போதாது, படத்தை அவர்களே பார்க்க வேண்டும்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களுக்கு, அதாவது 15 ஆண்டு முடியும் முன் வந்த சிப்பாய்களுக்கு, இந்த அட்டை பொதுவாகக் கிடையாது. திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். ஐந்து ஆண்டு பாறை உடைத்தவர் நுரையீரலில் தூசி படியாமலா இருக்கும்? ஹவில்தார் வரை தகுதியில் இருந்த பென்ஷன் இல்லாதவர்களுக்குக் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியமான கேந்திரிய சைனிக் போர்டின் மருத்துவ நிதியுதவி உண்டு. போர்டின் தளத்தில் பதிவு செய்து, விண்ணப்பம் ஜில்லா சைனிக வெல்ஃபேர் ஆபீஸ் வழியாகப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கமும், பில்களும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மங்கலான போட்டோவை ஏற்றினால் விண்ணப்பம் திரும்பும். திரும்பியது நமக்குத் தெரியாமலே கிடக்கும், ஆகவே வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள்.